மனு வாபஸ்

கையெழுத்துப் போடுகிறேன் தம்பி. போட மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போடத்தான் வந்திருக்கிறேன். ஆனால் ஒரு காகிதத்தை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிற வழக்கம் என்னிடம் கிடையாது. பதினாறு வயதில் தீப்பெட்டி ஆபீசில் ஒரு தடவை அப்படிப் போட்டேன். அதில் ‘என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையை விட்டு நிற்கிறேன்’ என்று எழுதியிருந்தது. எனக்கு அப்போது என் பெயரைத் தவிர வேறு எதுவும் எழுதப் படிக்கத் தெரியாது. மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன், வாட்ச்மேன் கதவைத் திறக்கவில்லை. அன்றைக்குத்தான் படிக்கத் தொடங்கினேன். வாத்தியாரும் கிடையாது, பாடப் புத்தகமும் கிடையாது. ரோட்டில் கொடுக்கிற துண்டறிக்கைதான் எனக்கு அரிச்சுவடி. அதனால் என் தமிழில் கொஞ்சம் கோஷம் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெரியும், தெரியும். இந்தக் காகிதம் ஐந்தே முக்காலுக்குள் சென்னைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் நாளைக்கு வருகிற மருத்துவப் படிப்புத் தரவரிசைப் பட்டியலில் என் மகள் வெண்மணியின் பெயர் இருக்காது. இதை நீங்கள் மூன்று தடவை சொல்லிவிட்டீர்கள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். உங்கள் தலைக்கு மேலே கடிகாரமும் இருக்கிறது. ஐந்து ஆகவில்லை.

அதோ, சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறாள் பாருங்கள், நீலச் சுடிதார். பக்கத்தில் நிற்பது என் மனைவி பாக்கியத்தாய். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டு பேரும் எனக்கு முந்திய பஸ்ஸிலேயே வந்துவிட்டார்கள். நான் கையெழுத்துப் போடுகிறேனா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். நாற்பது வருடப் பொதுவாழ்க்கையில் என்னை இப்படி எந்தப் போலீசும் கண்காணித்ததில்லை.

மேலே என்ன எழுதியிருக்கிறீர்கள்? ‘கருத்தப்பாண்டி ஆகிய நான்.’ சரி. ‘எனது மகள் எட்டாம் வகுப்பு பயின்ற ஆண்டு தொடர்பாக அளித்த இருபத்துமூன்று மனுக்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.’ இருபத்துமூன்று சரிதான். எண்ணிக்கையில் நீங்கள் சுத்தம். ஆனால் தம்பி, நான் இதுவரை ஒரு மனுவைக்கூடத் திரும்பப் பெற்றதில்லை. ஆயிரத்துக்கு மேல் கொடுத்திருப்பேன். தண்ணீருக்கு, ரோட்டுக்கு, சுடுகாட்டுப் பாதைக்கு, ரேஷன் கடைப் பாமாயிலுக்கு. கலெக்டர்கள் மாறியிருக்கிறார்கள். என் மனு மாறியதில்லை.

எட்டாம் வகுப்பில் என்ன நடந்தது என்று உங்கள் கோப்பில் ஒரு வரியில் இருக்கிறது. ‘பெற்றோர் மாற்றுச் சான்றிதழ் பெற்றுச் சென்றார்.’ அது வரலாறு ஆகாது. வரலாற்றை நான் சொல்கிறேன்.

எங்கள் ஊர் அரசுப் பெண்கள் பள்ளியில் பதினான்கு மாதம் அறிவியல் டீச்சர் கிடையாது. மாறுதலில் போனவர் போனவர்தான். பெண் பிள்ளைகள் அறிவியல் பீரியடில் கோலம் போட்டுப் பழகினார்கள். நான் மனுக் கொடுத்தேன், மறியல் செய்தேன், ஒன்றும் அசையவில்லை. கடைசியில் அறுபத்திரண்டு பெற்றோரைக் கூட்டிப் பள்ளிப் புறக்கணிப்பு அறிவித்தேன். டீச்சர் வரும்வரை எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளி வேண்டாம், எல்லோருக்கும் டி.சி. கொடு. அறுபத்திரண்டு பேரும் கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது. தண்ணீரின் ஆழம் பார்க்கத் தலைவன்தான் முதலில் இறங்க வேண்டும். மற்றவனைத் தள்ளிவிட்டுக் கரையில் நிற்கிறவன் தலைவன் இல்லை.

தலைமையாசிரியை ஜெபக்கனி டீச்சர். கெட்டிக்காரி. மற்ற அறுபத்தொரு பேரிடமும், “கிளார்க் லீவு, நாளைக்கு வாங்க” என்றார். என்னிடமும் அதைத்தான் சொன்னார். நான் விடுவேனா? அவர் மேசைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி நேரம். கடைசியில் அவரே தன் கையால் எழுதி வெண்மணியின் டி.சி.யைக் கொடுத்தார். நான் அதை வாசலுக்கு எடுத்துவந்து இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். அப்படி ஒரு கைதட்டல். போட்டோ பத்திரிகையில்கூட வந்தது. அதில் என் நெஞ்சு உயரத்துக்கு ஒரு ரிப்பன் தெரியும். அது வெண்மணி.

மறுநாள் காலையில் கல்வி அதிகாரி வந்தார். பத்து நாளில் டீச்சர் வருவார் என்று வாக்குக் கொடுத்தார். அறுபத்தொரு பேரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அவர்களிடம் டி.சி. இல்லையே, அதனால் போக முடிந்தது. என்னிடம் இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெபக்கனி டீச்சர் வீட்டுக்கு வந்தார். “அண்ணாச்சி, ரெஜிஸ்டர்ல பிள்ள பேர நான் இன்னும் அடிக்கல. அந்த டி.சி.ய எங்கிட்டத் திருப்பிக் குடுங்க. நாளைக்கு யூனிபார்ம் போட்டு அனுப்பிவிடுங்க. கேன்சல்னு எழுதி வச்சுக்கிடுறேன். ஒரு குருவிக்குத் தெரியாது” என்றார்.

நான் சொன்னேன், “டீச்சர், யாருக்கும் தெரியாமல் பின்வாங்குவதுதான் பின்வாங்குவதிலேயே கேவலமானது.”

இரண்டாவது தடவை வந்தபோது அறிவியல் டீச்சர் வந்து சேர்ந்துவிட்டார். “நீங்க கேட்டது வந்துட்டுல்லா, இனி என்ன?” என்றார். நான் அதற்குள் ஒரு துண்டறிக்கை போட்டிருந்தேன். பதினான்கு மாதத் தாமதத்துக்கு அமைச்சர் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்கும்வரை என் மகள் அந்த வாசலை மிதிக்க மாட்டாள் என்று. அச்சில் ஏறியதை எப்படி மாற்றுவது? இரண்டாயிரம் பிரதி.

மூன்றாவது தடவை வந்தபோது அவர் உட்காரக்கூட இல்லை. “அண்ணாச்சி, நடுவுல ஒரு வருசம் வெளிய இருந்தா பின்னால எதுக்காவது இடிக்கும். எதுக்குன்னு எனக்குத் தெரியல. ஆனா இடிக்கும். கவர்மெண்டு பேப்பர் அப்படித்தான்” என்றார். நான் அவருக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். குடிக்காமல் போய்விட்டார்.

வெண்மணி அந்த வருடம் அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தாள். ஒன்பதாம் வகுப்புக்கு அதே அரசுப் பள்ளிக்குத் திரும்பவும் போனாள். அமைச்சர் வருத்தம் தெரிவித்தாரா என்கிறீர்களா? துறையே மாறிவிட்டார் தம்பி. யாரிடம் கேட்பது?

பிறகுதான் அந்த ஒதுக்கீடு வந்தது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனி இடம். எங்கள் போராட்டக் குழு சார்பில் பஸ் ஸ்டாண்டில் மிட்டாய் கொடுத்தோம். ‘நம் தொடர் போராட்டத்துக்குக் கிடைத்த வெற்றி’ என்று அறிக்கை போட்டேன். அன்று வெண்மணி பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

“ஆறாப்புலருந்து பன்னண்டு வரைக்கும் அரசுப் பள்ளின்னு போட்டிருக்குப்பா. உதவி பெறும் பள்ளி சேராதாம்.”

“ஆமா.”

“எனக்கு எட்டாப்பு?”

“அது போராட்ட வருடம். அதைக் கணக்கில் எடுக்கச் சொல்லிப் போராடுவோம்.”

அவள் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்குப் போராட்டத்தில் நம்பிக்கை குறைவு. அம்மா வழி.

பன்னிரண்டாவது முடித்து நீட் எழுதினாள். அந்தத் தேர்வே கூடாது என்பது என் நிலைப்பாடு. அதற்கு எதிராக ஏழு துண்டறிக்கை எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதப் போகிறவளை நான் தடுக்கவில்லை. அவ்வளவு ஜனநாயகம் எங்கள் வீட்டில் உண்டு. நானூற்று ஐம்பத்திரண்டு எடுத்தாள். அவளோடு படித்த அன்னசெல்வம் நானூற்று முப்பத்தொன்று. அன்னசெல்வத்துக்கு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தது. இவளுக்குப் பொதுப் பட்டியலில் அந்த மார்க் எட்டவில்லை.

நான் உடனே அன்னசெல்வத்துக்குப் பாராட்டுக் கூட்டம் ஏற்பாடு செய்தேன். ஏன் முழிக்கிறீர்கள்? ஏழை வீட்டுப் பெண், அரசுப் பள்ளி, எங்கள் தெரு. பாராட்ட வேண்டாமா? நான் தலைமை, ஜெபக்கனி டீச்சர் வாழ்த்துரை. நன்றியுரைக்கு ஆள் இல்லாததால் வெண்மணியைப் போட்டேன். நோட்டீசில் அச்சடித்த பிறகுதான் அவளிடம் சொன்னேன். மறுக்கவில்லை. நன்றாகப் பேசினாள். பந்தல்காரர், மைக்செட்காரர் வரைக்கும் ஒருவரையும் விடாமல் நன்றி சொன்னாள். பேசி முடித்துவிட்டு நாற்காலிகளை மடக்கி அடுக்கினாள். கூட்டம் நல்ல வெற்றி. ஜெபக்கனி டீச்சர் மட்டும் போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வயதாகிவிட்டது, மறந்திருப்பார்.

மறுநாள் காலையில் என் காபி டம்ளருக்கு அடியில் ஒரு காகிதம் இருந்தது.

அனுப்புநர்: வெண்மணி. பெறுநர்: நிர்வாகம். பொருள்: வேலைநிறுத்த முன்னறிவிப்பு.

சிரிக்காதீர்கள். நான் முதலில் அப்படித்தான் சிரித்தேன். படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. அப்படி ஒரு கட்டுக்கோப்பு. ஒரு வருடம் வீட்டிலிருந்து படித்து மறுபடி தேர்வு எழுதப் போகிறேன். அதற்குக் கீழ்க்கண்ட கோரிக்கைகளை நிறைவேற்ற வேண்டும். ஒன்று, என் பெயரில் யாருக்கும் எந்த மனுவும் கொடுக்கக் கூடாது. இரண்டு, என் மார்க்கை மேடையிலோ துண்டறிக்கையிலோ சொல்லக் கூடாது. மூன்று, காலையில் எட்டு மணி வரைக்கும் வீட்டில் தோழர்கள் கூட்டம் நடக்கக் கூடாது. நான்கு, எட்டாம் வகுப்பு விவகாரத்தில் நிர்வாகம் எழுத்துமூலம் வருத்தம் தெரிவிக்க வேண்டும். கீழே, நகல்: பாக்கியத்தாய் அவர்கள், தகவலுக்காக.

நான் பேனா எடுத்து ஒரே ஒரு திருத்தம் செய்தேன். “காலக்கெடு போடலையே தாயி. பதினாலு நாள்னு போடணும். இல்லேன்னா நிர்வாகம் இழுத்தடிக்கும்” என்று சொல்லிக்கொடுத்தேன். வாங்கி, பதினான்கு நாள் என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். நான் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் மூன்றையும் அன்றைக்கே ஏற்றுக்கொண்டேன். நான்காவது பரிசீலனையில் இருக்கிறது என்றேன். பிறகு, அதைப் பற்றிப் பேச ஒரு குழு போடலாம் என்றேன். பிறகு, முந்தைய சூழ்நிலையையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்றேன். பிறகு, வருத்தம் என்கிற வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தை பார்க்கலாமா என்று பாக்கியத்தாய் மூலம் கேட்டுவிட்டேன். பாக்கியத்தாய், “தீப்பெட்டி ஆபீஸ் மொதலாளி பேசுனது மாதிரியே இருக்கு” என்றாள். அவளுக்குத் தொழிற்சங்க நடைமுறை புரியாது. அந்த முதலாளி வேறு, நான் வேறு. அவர் தன் தவறை ஒத்துக்கொள்ளவே இல்லை.

பதினைந்தாம் நாள் வேலைநிறுத்தம் தொடங்கியது. என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நான் நடத்தியதிலேயே நீண்ட வேலைநிறுத்தம் நாற்பத்தொரு நாள் தம்பி. இருபத்தெட்டாம் நாளே ஆட்கள் பின்கதவு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டார்கள். இவள் பத்து மாதம். ஒரு நாள்கூட, ஒரு வார்த்தைகூட. எனக்குக் காய்ச்சல் வந்தபோது மாத்திரையைக் கொண்டுவந்து வைத்தாள், தண்ணீர் வைத்தாள், நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பேசவில்லை. அத்தியாவசியப் பணிகளுக்கு விலக்கு. விதிமுறைப்படி நடந்தாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

படித்த முறையைச் சொல்ல வேண்டும். அதிகாலையில் எழுந்து எங்கேயோ போவாள். திரும்பி வந்து நூலகம். சாயங்காலம் அம்மா போனில் இயற்பியல் வீடியோ. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டிலிருந்து மாதிரித் தேர்வு, அலாரம் வைத்துக்கொண்டு. எழுதிப் பார்க்கத் தாள் வேண்டுமே? எங்கள் வீட்டுப் பரணில் மிஞ்சிப்போன துண்டறிக்கைகள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. அதில்தான் எல்லாக் கணக்கும் போட்டாள். தண்ணீர்ப் போராட்டத்தின் முதுகில் திசைவேகம், சுடுகாட்டுப் பாதையின் முதுகில் வேதிச் சமன்பாடு. நான் எழுதியதால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று இனி ஒருவனும் கேட்க முடியாது. ஒருநாள் அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்த்தேன். பரணில் நாற்பது வருடத்துச் சரக்கு இருக்க, அவள் முதலில் எடுத்துத் தீர்த்தது அந்தப் பள்ளிப் புறக்கணிப்பு அறிக்கையைத்தான். மூட்டையில் அது மேலே இருந்திருக்கும்.

எழுதிக்கொண்டே கேளுங்கள் தம்பி, அல்லது கேட்டுக்கொண்டே இருங்கள், ஒன்றும் அவசரமில்லை. ஐந்து பத்துதான் ஆகிறது.

இந்த இருபத்துமூன்று மனு எப்படி வந்தது என்றால், அவள் ஒரு பக்கம் படிக்கிறாள், நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நான் என்ன தகப்பன்? எட்டாம் வகுப்பைப் போராட்ட ஆண்டாகக் கருதி, அரசுப் பள்ளியில் படித்ததாகவே கணக்கில் எடுத்து, அவளுக்கு ஒதுக்கீட்டில் இடம் தர வேண்டும் என்று கேட்டேன். டீச்சர் போடாதது அரசாங்கத்தின் குற்றம், அதற்கு என் மகள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? நியாயம்தானே? திங்கட்கிழமைதோறும் கலெக்டர் ஆபீசில் கொடுப்பேன், அவர்கள் உங்கள் கல்வி ஆபீசுக்கு அனுப்புவார்கள். முதல் கோரிக்கையை மீறவில்லையா என்கிறீர்களா? அவள் எழுதியிருந்தது, ‘என் பெயரில்’ மனுக் கொடுக்கக் கூடாது என்று. நான் கொடுத்தது என் பெயரில். ‘மகள் வெண்மணிக்காக’ என்றுதான் எழுதியிருந்தேன். ஒப்பந்தத்தை எழுத்துக்கு எழுத்து மதித்தேன்.

மனுவோடு இணைக்க ஜெபக்கனி டீச்சரிடம் ஒரு கடிதம் வாங்கலாம் என்று ஒருநாள் விடிகாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். ரிட்டயர்டு ஆகி வீட்டோடு இருக்கிறார். கதவைத் திறந்தவர், “சத்தம் போடாதீங்க அண்ணாச்சி, பிள்ள பரீட்ச எழுதுது” என்றார். எட்டிப் பார்த்தால், உள்ளே வெண்மணி. பத்து மாதமாக விடிகாலையில் அவள் போன இடம் அதுதான். டீச்சர் விலங்கியல் படித்தவர். தாவரம், விலங்கு இரண்டும் அவர்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்கு டி.சி. எழுதிக் கொடுத்த தவற்றை உணர்ந்து பரிகாரம் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் நின்றே விஷயத்தைச் சொன்னேன். டீச்சர் இல்லாத காரணத்தால்தான் டி.சி. கொடுக்க நேர்ந்தது என்று ஒரு கடிதம் போதும் என்றேன்.

“தாரேன் அண்ணாச்சி. ஆனா மூணு தடவ உங்க வீட்டுக்கு வந்து கெஞ்சினேங்கிறதையும் சேத்துத்தான் எழுதுவேன். ரெண்டும் ஒரே பேப்பர்ல.”

“அது மனுவுக்குத் தேவையில்லாத விவரம் டீச்சர்.”

“அப்ப இதுவும் தேவையில்ல” என்று கதவை மெதுவாகச் சாத்திவிட்டார். பிள்ளை பரீட்சை எழுதுகிறதே, அதனால் மெதுவாக.

அந்தக் கடிதம் இல்லாமலேயே கொடுத்தேன். இருபத்துமூன்று.

இந்தத் தடவை வெண்மணி எடுத்தது ஐந்நூற்று எழுபத்தொன்று. ஆமாம், உங்களிடம் அச்சடித்தே இருக்கிறது. பாக்கியத்தாய்தான் எனக்கு வந்து சொன்னாள். கோரிக்கை இரண்டின்படி நான் வெளியே யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொன்னது கணக்கில் வராது, நீங்கள் அதிகாரி. பொதுப் பட்டியலிலேயே இடம் கிடைக்கிற மார்க் என்று ஜெபக்கனி டீச்சர் சொன்னாராம். ஒதுக்கீடு எதுவும் கேட்காமல் விண்ணப்பம் போட்டாள். ஒதுக்கீட்டுக் கேள்விக்கு நேரே ‘இல்லை’ என்று போட்டிருக்கிறாள்.

போன திங்கட்கிழமை மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். கையில் போனோடு வந்து என் முன்னால் நின்றாள். போனில் அவள் விண்ணப்பத்துக்கு நேரே ‘ஆய்வில் உள்ளது’ என்று இருந்தது.

“எத்தன மனு?”

பத்து மாதத்துக்குப் பிறகு அவள் குரல் தம்பி. எனக்கு முதலில் கேள்வியே காதில் ஏறவில்லை. குரல் கொஞ்சம் கனத்திருந்தது. பெரிய பெண்ணின் குரல் ஆகியிருந்தது.

“இருபத்துமூணு.”

“எல்லாத்துலயும் நான் அரசுப் பள்ளின்னா?”

“அரசுப் பள்ளியாகக் கருத வேண்டும் என்று.”

“நான் இல்லேன்னு எழுதியிருக்கேன். நீங்க ஆமான்னு எழுதியிருக்கீங்க. ரெண்டும் ஒரே ஆளப் பத்தி. அவங்க எதப்பா நம்புவாங்க?”

“எந்தப் பட்டியலில் கிடைத்தால் என்னம்மா? டாக்டர் டாக்டர்தானே?”

“எம் மார்க்குக்கே கெடைக்கும்பா.” அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போடவில்லை. அழவில்லை. என் தட்டில் மோர் தீர்ந்திருந்தது, ஊற்றிவிட்டுப் போனாள். போகும்போது பாக்கியத்தாயிடம், “இந்த வருசமும் போச்சுன்னா நான் நர்சிங்குக்குப் போட்டுருறேம்மா. இன்னொரு வருசம் எங்கிட்ட இல்ல” என்றாள். என் காதில் விழும்படியாகத்தான் சொன்னாள்.

பாக்கியத்தாய் என்னைப் பார்த்து, “அது நீங்க பெத்த பிள்ளையா, ஒங்க போராட்டக் குழு உறுப்பினரா?” என்று கேட்டாள். இரண்டும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மனுதாரர் நேரில் வந்து வாபஸ் எழுதிக் கொடுத்தால் கோப்பை முடித்து அறிக்கை அனுப்பிவிடலாம். இல்லாவிட்டால் முறையான விசாரணை. விசாரணை என்றால் மாதக் கணக்கு. அதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும். எவ்வளவு அருமையான பொறி பாருங்கள். அரசாங்கத்தை நான் விசாரிக்கச் சொன்னேன், நாற்பது வருடத்தில் முதல் தடவையாக என் மனுவை உண்மையாகவே விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

சரி, காகிதத்துக்கு வருவோம். மணி ஐந்து இருபது.

‘திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்’ என்பதை ஏற்கிறேன். வேறு வழியில்லை என்பதால் இல்லை, இது ஒரு தந்திரோபாயப் பின்வாங்கல். அடுத்த வரிதான் உதைக்கிறது. ‘மேற்படி மனுக்களை அறியாமையால் அளித்துவிட்டேன்.’ இதென்ன தம்பி, அறியாமை?

வழக்கமான வாசகமா? எல்லோரும் இதைத்தான் எழுதிக் கொடுப்பார்களா? கொடுப்பார்கள். எல்லோரும் கொடுக்கட்டும். அறியாமை என்று ஒருவன் என்னை எழுதினால் அவன் கையை நான் பிடிப்பேன். படிக்கத் தெரியாமல் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன் ஒருவன் இருந்தான், பதினாறு வயதில். அவன் அறியாதவன். நான் அவன் இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். டீச்சர் வந்து சேர்ந்தது தெரியும். ரெஜிஸ்டரில் பெயர் அடிக்காமல் இருந்தது தெரியும். ஒரே ஒரு நாள் யூனிபார்ம் போட்டு அனுப்பினால் போதும் என்பது தெரியும். வெண்மணி அந்த யூனிபார்மைத் துவைத்துக் கொடியில் காயப் போட்டிருந்தாள். காலையில் அதைப் போட்டுக்கொண்டு, ரிப்பன் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். “உள்ளே போ” என்றேன். அதுவும் தெரிந்துதான் சொன்னேன். என்னை வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள் தம்பி. தெரியாமல் செய்தவன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அடியுங்கள் அந்த வரியை. நான் சொல்கிறேன், எழுதுங்கள்.

‘மேற்படி ஆண்டில் என் மகளை அரசுப் பள்ளியிலிருந்து வெளியே எடுத்தது நான். தலைமையாசிரியை மூன்று முறை என் வீட்டுக்கு வந்து தடுத்தார். டீச்சர் பணியில் சேர்ந்த பிறகும் நான் மகளைத் திரும்ப அனுப்பவில்லை. அனைத்தையும் தெரிந்தே செய்தேன். இதில் பள்ளிக்கோ, என் மகளுக்கோ எந்தப் பங்கும் இல்லை. இந்த மனுக்களும் அவளுக்குத் தெரியாமல் நான் கொடுத்தவை.’

என்ன பார்க்கிறீர்கள்? இவ்வளவு தேவையில்லையா? அரைகுறையாக எழுதினால் சென்னையில் உட்கார்ந்திருக்கிறவன் மறுபடி ஒரு கேள்வி கேட்டு அனுப்புவான். எனக்குத் தெரியாதா இவர்களை? ஒரு இடுக்கு விடக் கூடாது. ‘தெரிந்தே’ என்கிற இடத்தில் ஒரு அடிக்கோடு போடுங்கள். துண்டறிக்கையில் நான் அப்படித்தான் போடுவேன்.

கடைசி வரி என்ன? ‘மேற்கண்டவற்றுக்கு வருந்துகிறேன்.’

ம்.

இதுவும் வழக்கமான வாசகம்தானா? எல்லா வாபஸ் கடிதத்திலும் இருக்கிறதா? நீங்களாகப் போட்டதுதானே, நான் சொல்லவில்லையே? அடிக்க வேண்டுமா என்று என்னைக் கேட்காதீர்கள். அடித்தல் திருத்தல் அதிகமாக இருந்தால் காகிதம் பார்க்க நன்றாக இருக்காது. ஏற்கெனவே ஒரு வரி அடித்தாயிற்று. இருக்கட்டும்.

கொடுங்கள் பேனாவை. இங்கேயா? தேதியும் போட்டுவிட்டேன். அனுப்புங்கள், முதலில் அனுப்புங்கள். போய்விட்டதா? திரையில் காட்டுங்கள். சரி.

இனி ஒரு ஜெராக்ஸ் வேண்டும் தம்பி. எனக்கு வேண்டாம். சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் நிற்கிறாளே, அவளிடம் கொடுத்துவிடுங்கள். நான் கொடுத்தால் விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். உங்கள் மெஷினில் தாளின் அடிப்பக்கம் மங்கலாக விழுகிறது, எனக்கு அனுப்பிய கடிதத்திலேயே பார்த்தேன். கடைசி வரி தெளிவாக விழுகிற மாதிரி எடுங்கள். சரியாக விழவில்லை என்றால், சிரமம் பார்க்காமல் இன்னொன்று எடுங்கள்.